நாற்பத்தோராம் பிரிப்பு

திங்கட்கிழமை காலை தோங்காங்கிலிருந்து போன் வந்தபோது ஷூநிங் வெள்ளிக்கிழமைக்கான சாப்பாட்டுப் பெட்டிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து தேர்வாளர்கள். ஒருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார், ஒருவர் மாதத்தில் சில நாள் சைவம், அந்த நாள் வெள்ளிக்கிழமையில் விழுகிறதா என்று அவரிடம் கேட்கவும் முடியாது. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் கேள்விக்குப் பதில் சொல்வது பாதி வேலை, தேர்வாளர்களின் வயிற்றைக் கவனிப்பது மீதி என்று துறையில் எல்லோரும் சொல்வார்கள்.

"அக்கா, நான் யோங்ஷெங். தொந்தரவு பண்றேனா?"

"பண்ற. சொல்லு."

"உங்க செல்லுக்கு வைரஸ் பிடிக்கவே மாட்டேங்குது அக்கா."

யோங்ஷெங் தெற்கே, இறால் குளங்கள் நிறைந்த தோங்காங்கில் ஒரு ஆய்வகத்தில் முதுகலை மாணவன். ஏப்ரலில் ஷூநிங் தான் வளர்த்த இறால் செல்கள் இருந்த குடுவை ஒன்றை அவனுக்கு அனுப்பியிருந்தாள். இருவரும் நேரில் பார்த்ததில்லை.

"எந்த வைரஸ் போட்டே?"

"வெள்ளைப்புள்ளி. மூணு தடவை போட்டாச்சு. குளத்துல விட்டா நாலே நாள்ல எல்லாத்தையும் மிதக்க வைக்கிற சாமான். உங்க செல் மேல ஊத்தினா குளிச்சிட்டு வந்த மாதிரி பளபளன்னு நிக்குது. எங்க சார் என் கை சரியில்லைங்கிறார். கோயிலுக்குப் போய்ட்டு வாடாங்கிறார்."

"போனியா?"

"போனேன். அப்பவும் பிடிக்கல."

ஷூநிங் சிரித்தாள். பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தாள். வைத்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இறாலைக் கொல்லும் வைரஸ் இறால் செல்லில் பிடிக்காமல் போகக் காரணமே இல்லை.

உலகத்தில் யாரிடமும் நிலையாகப் பெருகும் இறால் செல் கிடையாது. எலியின் செல், குரங்கின் செல், கொசுவின் செல்கூடக் கண்ணாடிக்குள் வருஷக்கணக்கில் வளர்கிறது. இறாலின் செல்லை எடுத்து வைத்தால் சில வாரம் இருக்கும், பிறகு மங்கிப் போகும். முப்பது வருஷமாகப் பலரும் முயன்று கைவிட்ட காரியம். ஷூநிங்கின் செல்கள் மட்டும் பதினான்கு மாதமாகப் பெருகிக்கொண்டிருந்தன. குடுவை நிறைந்ததும் பாதியைப் பிரித்துப் புதுக் குடுவைக்கு மாற்றுவார்கள். ஒவ்வொரு பிரிப்புக்கும் ஒரு எண். அவள் நாற்பத்தொன்றில் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை தேர்வு. ஜூலை முப்பத்தொன்றோடு அவளுடைய ஏழு வருஷக் கெடு முடிகிறது. அதற்குள் பட்டம் வராவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். இளங்கலை முடித்த கையோடு நேரே முனைவர் படிப்புக்குள் சேர்க்கப்பட்டவள் அவள். அப்போது அது பெருமையாக இருந்தது. நடுவில் முதுகலைப் பட்டம் இல்லை. வெளியே போனால் இருபத்தொன்பது வயதில் வெறும் இளங்கலைதான்.

செல் வளர்ப்பு அறைக்குப் போய் இன்குபேட்டரைத் திறந்தாள். அதன் தலையில் தேங்காய் வாசனைச் சோளப் பொரிப் பொட்டலம் ஒன்று நின்றது. பச்சைப் பொட்டலம். தைவானில் ஒழுங்காக ஓட வேண்டிய எந்த இயந்திரத்தின் மேலும் இது இருக்கும். பச்சையாகத்தான் இருக்க வேண்டும், மஞ்சள் வைத்தால் இயந்திரம் முரண்டு பிடிக்கும். தேதி தாண்டக் கூடாது, யாரும் பிரித்துத் தின்னக் கூடாது. அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. பொட்டலம் வைத்து நன்றாக நடக்கிற ஒன்றை யாரும் நோண்டக் கூடாது.

போன வருஷம், வளர்க்கத் தொடங்கிய ஒன்பதாவது வாரத்தில் அந்தச் செல்கள் சாகக் கிடந்தன. குடுவையில் பத்தில் ஒன்றுகூட மிச்சமில்லை. அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் வெய் தானே கடைக்குப் போய்ப் பொட்டலம் வாங்கிவந்து வைத்தார். அடுத்த வாரம் ஒரு மூலையில் சின்னக் கூட்டமாகச் சில செல்கள் பிரிந்துகொண்டிருந்தன. மூன்றாவது வாரம் குடுவை நிறைந்தது. சார் ஆய்வகம் முழுவதையும் கோயில் வாசலுக்கு அழைத்துப்போய் அரிசிமாவுச் சூப் வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு அந்த இன்குபேட்டரைத் தொட ஷூநிங்கைத் தவிர யாருக்கும் அனுமதியில்லை. சூட்டை மாற்றவில்லை, திரவத்தை மாற்றவில்லை, எந்தச் சோதனையும் புதிதாகச் செய்யவில்லை.

அது இறால் செல்தான் என்பதற்கான மரபணுச் சோதனையை அவள் மூன்றாம் பிரிப்பில் செய்திருந்தாள். ஒன்பதாவது வாரத்துக்கு முன்னால். அதற்குப் பின் செய்யவில்லை. பொட்டலத்தின் காலாவதித் தேதியை மட்டும் தவறாமல் பார்த்து, மூன்று முறை புதிது மாற்றியிருந்தாள்.

குடுவையை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். உருண்டையான செல்கள், விளிம்பில் மெல்லிய இழைகள் நீட்டிக் கண்ணாடியைப் பிடித்திருந்தன. நானூறு முறை பார்த்த காட்சி. இன்று அந்த இழைகள் அவளுக்குப் பிடிக்கவில்லை.

*

செவ்வாய் மதியம், மறுபடி செய்த மரபணுச் சோதனையின் முடிவு வந்தது. இறாலின் மரபணு இருந்தால் கோடு விழும். மூன்று வரிசை. முதலாவதில் சந்தையில் வாங்கிய இறாலின் கால்சதை. பளிச்சென்று ஒரு கோடு. இரண்டாவது அவளுடைய நாற்பத்தோராம் பிரிப்பு, ஒன்றுமில்லை. மூன்றாவது வெறும் தண்ணீர், ஒன்றுமில்லை.

அவளுடைய செல்லும் தண்ணீரும் ஒரே மாதிரி இருந்தன.

புதன்கிழமை காலை வெய் சாரின் அறைக்குப் போனாள். வெளியே மழை. பல்கலைக்கழகம் இருந்த கீலுங்கில் மழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, குடையை எங்கே சாய்ப்பது என்பது மட்டும்தான் பேச்சு. சார் சோதனைக் கோடுகளின் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐம்பத்துநாலு வயது, நல்ல சேதிக்கும் கெட்ட சேதிக்கும் ஒரே மாதிரி மூக்கைத் தேய்ப்பார்.

"டிஎன்ஏ சரியா வரல. அவ்வளவுதான்."

"அளந்து பார்த்தேன் சார். நிறைய வந்திருக்கு."

"திரவத்துல ஏதோ தடுக்குது. நீ இறால் சதைச் சாறு ஊத்தற இல்ல? அதுல ஆயிரம் கசடு இருக்கும். எத்தனை தடவை பண்ணே?"

"ரெண்டு."

"மூணாவது தடவை தேர்வு முடிஞ்சு பண்ணு. நாலு நாள் தூங்காம கை நடுங்கிட்டு பண்ற சோதனையை நம்பாதே. போய் உன் ஸ்லைடைப் பாரு. பன்னெண்டாவது ஸ்லைடுல எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு."

அவர் சொன்னதில் நியாயமில்லாமல் இல்லை. அந்தச் சாறு தொல்லை கொடுக்கும் என்பது அவளுக்கும் தெரியும். அறையை விட்டு வந்தபோது அரை மனது லேசாகத்தான் இருந்தது.

மறுபாதிக்காகப் பக்கத்து ஆய்வகத்துக்குப் போனாள். குவான்லுன் அங்கே கடல் அழுகலில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி ஆராய்கிறவன், அவளைவிட நாலு வயது மூத்தவன். முதல் நாள் மாலையே அவனிடம் விஷயத்தைச் சொல்லி ஒரு துளி செல்லைக் கொடுத்திருந்தாள். அவன் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினான்.

"பதினாலு மாசம் பால் குடுத்து வளர்த்துட்டு, பிள்ளை என் ஜாடைல இல்லையேன்னு இப்ப கேக்கிறியா?"

"அண்ணே, வெளையாடாதீங்க."

"சரி. உன் மருந்துல என்னென்ன இருக்கு?"

"பாக்டீரியாவுக்கு ரெண்டு. பூஞ்சைக்கு ஒண்ணு."

"திராஸ்டோவுக்கு?"

அதற்கென்று அவள் எதுவும் சேர்த்ததில்லை. அந்த உயிரியின் முழுப் பெயர் வாயில் நுழையாது. சுருக்கமாகத் திராஸ்டோ என்பார்கள். கடலில் எது அழுகினாலும் அதில் ஒட்டிக்கொள்ளும் ஒற்றைச் செல் உயிரி. பாக்டீரியாவும் இல்லை, பூஞ்சையும் இல்லை. அதனால் அந்த மருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. இறாலின் உடம்புக்குள்ளேயே ஒரு ஓரமாக இருக்கும். உறுப்பை வெட்டி எடுக்கும்போது கூடவே வந்துவிடும். உருண்டையாக இருக்கும், இழை நீட்டும், கண்ணாடியைப் பிடிக்கும். இறால் செல் செத்து விழ விழ, அதைத் தின்று பெருகும். சிப்பி, கடற்பஞ்சு, இறால் என்று வளர்க்கப் போனவர்கள் பலர் இதை வளர்த்துவிட்டுத் தங்கள் செல் என்று நம்பியிருக்கிறார்கள். அவளே தன் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் இதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாள். மற்றவர்கள் செய்த தவறு என்ற தலைப்பின் கீழ்.

"பார்வைக்கு நான் சொல்லமாட்டேன்," என்றான் குவான்லுன். "பைன் மகரந்தம் போட்டிருக்கேன். நேத்து சாயங்காலம். திராஸ்டோன்னா மகரந்தத்தைப் பார்த்தா விடாது, போய் ஒட்டிக்கும். எறால் செல்லுன்னா திரும்பியும் பார்க்காது. நாளைக்குக் காலைல வந்து நீயே பாரு. ரெண்டு தட்டு. ஒண்ணுல உன் செல், இன்னொண்ணுல உன் திரவம் மட்டும்."

"ஒட்டலைன்னா?"

"எனக்கு உன் சாப்பாட்டுப் பெட்டில ஒண்ணு."

"ஒட்டினா?"

அவன் அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தான். "அப்பவும் ஒண்ணு குடு. தனியா சாப்பிட உன்னால முடியாது."

*

வியாழன் காலை எட்டரைக்கு அவள் முதலில் திரவம் மட்டும் இருந்த தட்டைப் பார்த்தாள். பைன் மகரந்தத்துக்கு இருபுறமும் காற்றுப்பை உண்டு. காது வைத்த எலிமுகம் போல இருக்கும். சுத்தமான எலிமுகங்கள் தண்ணீரில் மிதந்தன. இரண்டாவது தட்டை வைத்தாள்.

எலிமுகங்கள் தெரியவில்லை. ஒவ்வொன்றையும் உருண்டைகள் மொய்த்திருந்தன, காது எது முகம் எது என்று புரியாத அளவுக்கு. விளிம்பிலிருந்து மெல்லிய இழைகள் மகரந்தத்துக்குள் இறங்கியிருந்தன. கண்ணாடியைப் பிடித்திருந்த அதே இழைகள். ஓரத்தில் ஒரு உருண்டை வெடித்து, அதிலிருந்து குட்டிகள் வாலை ஆட்டி நீந்திப் போயின. இறாலின் எந்தச் செல்லும் நீந்தாது.

குவான்லுன் பின்னால் நின்றான். படம் எடுக்கும் பொத்தானை அவளுக்காக அவனே அழுத்தினான்.

வெய் சார் அன்று தைபேயில் ஒரு கூட்டத்தில் இருந்தார். படத்தை அவருக்கு அனுப்பி, கீழே ஒரே வரி எழுதினாள்: திராஸ்டோ சார், சந்தேகமில்லை. ஒன்பது ஐந்துக்கு அவர் படித்ததற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. பத்து மணிக்கும் வரவில்லை. மதியம் இரண்டு முறை கூப்பிட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது. மாலையில் சாப்பாட்டுக் கடைக்காரர் கூப்பிட்டு, அந்தச் சைவப் பெட்டியில் முட்டை வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

இரவு விடுதி அறையில் ஸ்லைடுகளைத் திறந்துவைத்தாள். முப்பத்தெட்டு. பன்னிரண்டாவது ஸ்லைடின் எழுத்தைப் பெரிதாக்கினாள். பிறகு முப்பத்தொன்பதாவதாக ஒன்று சேர்த்தாள். அழித்தாள். மறுபடி சேர்த்துவிட்டு, அதைப் பார்க்காமல் மூடிவைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு வெய் சார் நடையில் எதிர்ப்பட்டார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார்.

"படம் பார்த்தேன்."

"தெரியும் சார்."

"பன்னெண்டு நாள்ல உன் கெடு முடியுது. அதையும் நீ தெரிஞ்சுக்கணும். அவங்க கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. கேக்காததுக்குப் பதில் சொல்லாதே. பட்டம் கைல வந்த பிறகு நானே திருத்தம் எழுதறேன். பொய் சொல்லுன்னு நான் சொல்லல."

"கேட்டா?"

"கேட்டா சொல்லு." மூக்கைத் தேய்த்தார். "கேக்கமாட்டாங்க."

கேட்கவில்லை. ஐம்பது நிமிஷம் அவள் பேசினாள். குரல் அவளுடையதுபோலவே இல்லை, ஆனால் தடுமாறவில்லை. பன்னிரண்டாவது ஸ்லைடில் அந்த வளர்ச்சிக் கோடு வந்தது; ஒன்பதாவது வாரத்தில் பள்ளத்தில் விழுந்து, பிறகு செங்குத்தாக ஏறும் கோடு. தைபேயிலிருந்து வந்த தேர்வாளர் "அடேயப்பா" என்றார். அந்த இடத்தில்தான் இறால் செல் செத்தது என்பது இப்போது அவளுக்குத் தெரியும். வேறு எதுவாகவும் அந்தக் கோட்டைப் படிக்க முடியாது. அறையில் இருந்தவர்களில் அவளும், தேர்வாளர்கள் ஐவரில் ஒருவரான வெய் சாரும் மட்டுமே அதை அப்படிப் படித்தார்கள்.

திரவத்தின் உப்பு அளவைப் பற்றிக் கேட்டார்கள். சூட்டைப் பற்றிக் கேட்டார்கள். துறைக்காரர்கள் இருவரும் அச்சுப்பிழைகளைச் சொன்னார்கள். காவ்ஷியுங்கிலிருந்து வந்திருந்த பேராசிரியர் தெங் ஒன்றுமே கேட்கவில்லை. இறால் நோய்களில் அந்த அம்மாதான் நாட்டில் பெரிய ஆள். அவர்தான் குழுவின் தலைவர். ஐந்து மணி நேரம் காரில் வந்து, முழு ஆய்வேட்டையும் பக்கத்துக்குப் பக்கம் மடக்கி வைத்திருந்தார். ஷூநிங் அவருடைய பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெங் பேனாவை மூடினார். "எனக்கு ஒண்ணும் இல்ல. ரொம்ப நாளா நாங்க எதிர்பார்த்துட்டு இருந்த செல். நல்லா செஞ்சிருக்கேம்மா. வேற யாருக்காவது கேள்வி இருக்கா?"

யாருக்கும் இல்லை. நாற்காலிகள் நகர்ந்தன. வெய் சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம் சும்மா நின்றால் போதும். அவளை வெளியே அனுப்பிவிட்டு மதிப்பெண் போட்டுவிடுவார்கள்.

"மேடம், ஒரு ஸ்லைடு மிச்சம் இருக்கு," என்றாள்.

மகரந்தம் திரையில் வந்தது. அதைச் சுற்றி உருண்டைகள். அவள் ஒன்றும் விளக்கவில்லை. விளக்க வேண்டியிருக்கவில்லை. தெங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இது எந்தப் பிரிப்பு?"

"நாற்பத்தொண்ணு. ஒன்பதாவது வாரத்துலேருந்தே இதுதான்னு நினைக்கிறேன். உறையவெச்ச பழைய செல்லை எடுத்துப் பார்த்தா நிச்சயமா தெரியும்."

"எப்ப பார்த்தே?"

"நேத்து காலைல."

"வெய்க்குத் தெரியுமா?"

ஷூநிங் வெய் சாரைப் பார்த்தாள். தெரியாது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். ஏழு வருஷம் அவர் அவளுக்குச் செய்தது நிறைய. வாயைத் திறந்தாள்.

"தெரியும்," என்றார் வெய் சார், தலையைத் தூக்காமல். "நேத்து ஒன்பது மணிக்கே எனக்குப் படம் வந்துடுச்சு. சொல்லவேண்டாம்னு சொன்னது நான்."

அச்சுப்பிழை சொன்ன இருவரும் தங்கள் காகிதங்களைப் பார்த்துக்கொண்டார்கள். தெங் ஷூநிங்கிடம் திரும்பி, "வெளியில இரும்மா," என்றார்.

*

நாற்பது நிமிஷம். நடையின் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்தின் மேல் பருந்துகள் மழையிலேயே வட்டமடித்தன. உள்ளே ஒருமுறை யாரோ சத்தமாகப் பேசுவது கேட்டது; தைபேக்காரர் என்று தோன்றியது. குவான்லுன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கதவு திறந்ததும் எழுந்து போய்விட்டான்.

தெங் நின்றுகொண்டே படித்தார். முனைவர் பட்டத்துக்கு ஐந்தில் மூன்று பேர் தேர்ச்சி மதிப்பெண்ணான எழுபதுக்குக் கீழே. தேர்ச்சியில்லை. ஆய்வேட்டின் தரம் முதுகலைக்குப் போதும் என்று குழு ஒருமனதாகக் கருதுகிறது; விரும்பினால் முதுகலைப் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். பத்து நாளுக்குள் தலைப்பை மாற்றித் திருத்திக் கொடுக்க வேண்டும்.

"நீ அந்த ஸ்லைடைப் போடலைன்னா எழுபத்தெட்டு," என்றார் தெங். "எழுதிட்டேன். அப்புறம் அடிச்சேன். உனக்குத் தெரியட்டும்னு சொல்றேன். இல்லாத செல்லுக்குப் பட்டம் தரமுடியாதும்மா."

"சரி மேடம்."

"சரின்னா? வாங்கிக்கறியா?"

"வாங்கிக்கறேன்."

கையெழுத்துப் போட்டாள். தேர்வாளர்கள் சாப்பிடப் போனார்கள். அறையில் வெய் சார் மட்டும் இருந்தார். அவள் கணினிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டே, அவரைப் பார்க்காமல் கேட்டாள்.

"நீங்க எவ்வளவு சார் போட்டீங்க?"

"அறுபத்தெட்டு."

அவள் சுருட்டுவதை நிறுத்தினாள்.

"எழுபது போடத்தான் பேனாவை எடுத்தேன்," என்றார். "போட்டா, காலைல வாயை மூடிட்டு இருக்கச் சொன்னதுக்கு உனக்குக் குடுக்கிற லஞ்சம் மாதிரி ஆயிடும். நீ அதை வாங்கமாட்டேன்னு இப்பதான் எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கே."

அவளுக்குக் கோபம் வந்தது. அது யார் மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு மதிப்பெண். அவர் போட்டிருந்தால் கீழே இரண்டு பேர்தான். இரண்டு பேர் இருந்தாலும் தேறாது என்பது விதி என்று ஒரு கணம் கழித்துத்தான் நினைவு வந்தது. எப்படிப் பார்த்தாலும் தேறியிருக்கமாட்டாள். இருந்தும் அந்த இரண்டு மதிப்பெண் வலித்தது.

"இந்தச் செல்லை எத்தனை பேருக்குக் குடுத்திருக்கோம்?" என்று கேட்டார் சார்.

"நாலு ஆய்வகம். தோங்காங், தாய்னான், ஜப்பான்ல ஒண்ணு, வியட்நாம்ல ஒண்ணு. வியட்நாம்காரங்க இன்னும் ரெண்டு இடத்துக்குப் பிரிச்சுக் குடுத்ததா கேள்வி."

"கணினியைத் திற. நான் எழுதறேன். என் பேர்ல போகட்டும்."

அவர் இரண்டு விரலால் தட்டினார். எழுதுவதைத் தானே முணுமுணுத்துக்கொண்டே எழுதுவார். அன்புக்குரிய நண்பர்களே, என்று தொடங்கினார். எங்கள் ஆய்வகத்திலிருந்து தாங்கள் பெற்ற செல்களின் தன்மை குறித்துச் சமீபத்தில் சில ஐயங்கள்—

"சார்," என்றாள் ஷூநிங். "ஐயம் இல்ல."

விரல் நின்றது.

"யோங்ஷெங் இந்நேரம் நாலாவது தடவை வைரஸ் ஊத்திட்டிருப்பான். அவன் சார் அவன் கை சரியில்லைன்னு திட்டிட்டு இருப்பார். முதல் வரிலயே சொல்லிடுங்க."

வெய் சார் மூக்கைத் தேய்த்தார். பிறகு எழுதியது எல்லாவற்றையும் அழித்தார். நண்பர்களே என்பதைக்கூட வைக்கவில்லை.

நாங்கள் உங்களுக்கு அனுப்பியது இறால் செல் அல்ல, என்று தட்டினார். "அடுத்தது நீ சொல்லு."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சொல்லத் தொடங்கினாள்.